பண்பாட்டு விழாவும் பறையறைவோரும்

மட்டக்களப்புப் பிரதேசத்திற் பண்பாட்டு விழா என்றால் அதன் ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றே. காலையில் ஊர்வலம், பின்னர் மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, நடுவே முதிய கலைஞர் சிலருக்குப் பொன்னாடை, இறுதியில் மலர் வெளியீடு. பிரதேச செயலகங்கள் நடத்தும் இவ்விழாக்களில் இப்பகுதியின் கலைச்செல்வம் முழுவதும் ஒருநாட் பொழுதுக்குள் நம் கண்முன் நிறுத்தப்படுகின்றது. வடமோடிக் கூத்தர் கரப்புடுப்போடு செல்கின்றனர். முஸ்லிம் இளைஞர் களிகம்படித்து வருகின்றனர். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரின் கபறிஞ்ஞா ஆடலும் சில இடங்களில் இடம்பெறுகின்றது. அண்மைக் காலத்தில், யாவற்றுக்கும் முன்னே பறை முழங்குவதும் வழக்கமாகிவிட்டது.

விழாக்கள் வேண்டாமென்பது எமது வாதமன்று. நீண்ட போரைக் கண்ட மண்ணில் பல சமூகத்தவரும் ஒரே வீதியில் நடந்து செல்வதே பெரிது என்று ஒருவர் கூறின், அதனை எளிதில் மறுத்தல் இயலாது. ஆயின் காட்சியின் அழகு வேறு; அக்காட்சி உணர்த்தும் கருத்து வேறு. இக்கலைகள் யாவும் என்றும் இவ்வாறே அமைதியாக நிரைநின்றன என்னும் எண்ணத்தையே ஊர்வலம் பார்ப்போருக்குத் தருகின்றது. பறையை யார், யாருக்காக, என்ன கூலிக்கு அறைந்தனர், மறுத்தவருக்கு யாது நேர்ந்தது என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை.

மட்டக்களப்பிற் பறைமேளக் கூத்து என்றொரு ஆடல் உண்டு. இசையும் ஆட்டமும் ஒருங்கிணைந்த அக்கலையைப் பேணியோர் சமூகத்தின் அடித்தளத்தில் வைக்கப்பட்டோரே. சாவீட்டிலும் கோயிற் சடங்கிலும் பறையறைதல் அவர்தம் பிறப்புக் கடமையாக விதிக்கப்பட்டது. அக்கடமையை ஏற்றவரைக் கோயிலின் உள்வீதிக்கு அப்பால் நிறுத்திய அதே சமூகமே அவர்களின் பறையொலியின்றிச் சடங்கு நிறைவுறாதென்றும் கூறிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் இளைஞர் பறையைத் தொட மறுத்தனர். அம்மறுப்பு கலையின்மீது கொண்ட வெறுப்பன்று. அடிமைக் குறியொன்றைக் கழற்றி எறிந்த செயல். முற்போக்காளராகிய நாமும் அதனை வரவேற்றோம்.

இன்று அதே பறை பண்பாட்டுச் சின்னமாக ஊர்வலத்தின் முன்னணிக்கு வந்துள்ளது. கல்லூரி மாணவர் கற்று அடிக்கின்றனர், இது நல்லதே. ஆனால் எறியப்பட்ட நாளுக்கும் எடுக்கப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட வரலாறு பற்றி விழா மேடையில் ஒரு சொல்லும் இல்லை. அடிக்காதே என்று முன்னர் நாம் கூறினோம். அடி என்று இன்று விழாக் குழுவினர் கூறுகின்றனர். பரம்பரையாக அதனை அறைந்தவர் எந்நிபந்தனையில் அறைய விரும்புகின்றார், அல்லது அறையவே விரும்பவில்லையா என்பதை இருசாராரும் அவரிடம் முறையாகக் கேட்டதில்லை. மலரைப் புரட்டினால் அமைச்சர் முதல் அதிகாரிகள் ஈறாக வாழ்த்துச் செய்திகள் பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும். பறையறைந்தோரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

கூத்தின் நிலை சற்று வேறு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசனையும் மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. கற்றோர் இகழ்ந்த கலைக்கு அவர் மதிப்புத் தேடித் தந்தார். அக்கூத்து மரபிலிருந்தே 1969இல் சி. மௌனகுருவின் சங்காரமும் பிறந்தது. வர்க்கத்தையும் சாதியையும் எதிர்த்த போராட்டத்திற்கு இக்கலை பயன்படும் என்பதற்கு அது சான்றாயிற்று. அச்சுருக்கத்திற்கு ஒரு நோக்கம் இருந்தது. இன்றைய விழாவில் கூத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதற்கோ அடுத்த பேச்சாளரின் அவசரம் ஒன்றே காரணம். மாதக்கணக்கில் அண்ணாவியார் பழக்குவதும், சதங்கை அணிவதும், அரங்கேற்றத்தின் பின்னர் வீடுவீடாகச் சென்று ஆடுவதும் சேர்ந்தே கூத்து. அவற்றை நீக்கினால் எஞ்சுவது உடுப்பு.

இன்னொன்று. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மண்ணிற் கூடி வளர்த்த பண்பாட்டைத் தேடுவோர் ஊர்வலத்தையன்றி வயலையே முதலிற் பார்த்தல் வேண்டும். களவெட்டியிலே சூடடிக்கும்போது பொலி பாடுவதும், சில பொருள்களை வழக்கமான பெயராற் சுட்டாது களத்துக்கெனவே அமைந்த சொற்களாற் சுட்டுவதும் இரு சமூகத்து உழவருக்கும் பொதுவாயிருந்தன. அறுவடை இயந்திரம் வந்தபின் அப்பாடலுக்கு வேலையில்லாது போயிற்று. அதற்காக இயந்திரத்தைப் பழித்தல் பயனற்றது. ஆனால் அப்பொதுமையைக் குலைத்தது இயந்திரம் மட்டுமன்று. 1990 ஓகத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலே தமிழர் கொல்லப்பட்டனர். படுவான்கரையிலிருந்த தம் வயல்களுக்கு முஸ்லிம் உழவர் பலர் நெடுங்காலம் செல்லவியலாதிருந்தனர். வயலுக்குப் போகும் வழி அடைபட்டபின் பொலிப்பாட்டை மேடையில் பிள்ளைகளுக்குப் பழக்கி ஆடவைப்பதை ஒற்றுமை எனக் கூறுதல் மிகையாகும். அக்காணிகள் பற்றிப் பேசும் துணிவு எந்த விழாவுக்கு இருந்தது?

வேறு வழியிலும் இப்பணியைச் செய்யலாம் என்பதற்கு மட்டக்களப்பிலேயே சான்றுண்டு. 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே சீலாமுனைக் கிராமத்தில் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் இணைந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டனர். சாதி பற்றியும் பெண் பற்றியும் பழைய கொப்பிகள் கூறுவனவற்றை ஆடுவோரும் பார்ப்போரும் கூடியிருந்து விவாதித்து, வேண்டியவிடத்து மாற்றினர். சச்சரவு எழாமலா இருந்திருக்கும்? ஆனால் அங்கே கூத்து களரியிலேயே ஆடப்பட்டது. எதனை வைத்திருப்பது, எதனை மாற்றுவது என்பதை முடிவுசெய்தவருள் அக்கலையைத் தம் உடலாற் சுமந்தோரும் இருந்தனர். விழாக் குழுக்கள் பறைமேளக் கலைஞரை இவ்வாறு கூட்டத்துக்கு அழைத்து, ஊர்வலம் குறித்தும் கூலி குறித்தும் அவர்தம் முடிவை எழுதிக்கொள்வதற்கு மேலதிகப் பணம் எதுவும் தேவையில்லை.