வழக்கு முடிந்த பின் எழுந்த தீ

குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு, அங்கே வழிபாடு நடக்கும். இடுக்கி மலையாளத்தாரும் கம்பம் பள்ளத்தாக்குத் தமிழரும் சேர்ந்தே மலை ஏறுகிறார்கள். மதுரை எரிந்த பின் 14 நாள் கழித்துக் கண்ணகி விண்ணேறிய குன்று இதுதான் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. திருச்செங்கோடு என்பாரும் உண்டு. இடம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: அரசனை எதிர்த்து நின்றவள் செய்தது அத்தனையும் நியாயமா?

வியாபாரி என்பதால் பேரேட்டுக் கணக்காகவே பார்க்கிறேன். கண்ணகியின் வழக்கு பாண்டியனோடு. சிலம்பை உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது, தவறை ஒப்புக்கொண்டு அரசன் அங்கேயே உயிர்விட்டான். கோப்பெருந்தேவியும் உடன் போனாள். அத்தோடு கணக்கு நேராயிற்று. ஆனால் மதுரை எரிந்தது அதற்கு அப்புறம். இதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

தீக்கடவுளிடம் அவள் சிலரை விலக்கச் சொல்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பட்டியலில் கடை வைத்திருக்கிறவன் இல்லை, மூட்டை தூக்குகிறவன் இல்லை. கூலக்கடைத் தெரு கலங்கியதை அழற்படு காதையே சொல்கிறது. கோவலனும் ஒரு வணிகன் மகன்தானே!

ஊழ்வினை என்று சொல்லி இதை முடித்துவிடுவோர் உண்டு. மதுராபதித் தெய்வம் முற்பிறப்புக் கதையைச் சொல்வது உண்மையே. ஆனால் இளங்கோவடிகள் அத்தோடு நிறுத்தவில்லை, செலவுப் பக்கத்தையும் எழுதினார். அடைக்கலம் கொடுத்த இடைச்சி மாதரி தீயில் புகுந்தாள். வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். பொய் சொன்னவன் ஒரே பொற்கொல்லன். வெற்றிவேற் செழியன் பலியிட்டதோ ஆயிரம் பொற்கொல்லரை! கண்ணகி கேட்காத பலி அது, அவள் பெயரால் நடந்தது. கடைசியில், வாழ்த்துக் காதையில், தெய்வமாகி வந்த கண்ணகியே பாண்டியன் மேல் குற்றமில்லை என்கிறாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் பேரப்பிள்ளைகள் ஆடும் வீடியோ கேமிலும் இதே சிக்கல் வருகிறது. 2013-இல் வந்த ‘பயோஷாக் இன்ஃபினிட்’டில் டெய்சி ஃபிட்ஸ்ராய் என்றொரு கறுப்பினப் பணிப்பெண். எஜமானியைக் கொன்றதாகப் பொய்ப்பழி சுமந்தவள், ஒடுக்கப்பட்டவர்களைத் திரட்டிக் கலகம் செய்கிறாள். பிறகு முதலாளியின் சிறுபிள்ளையைக் கொல்லத் துணிகிறாள். கலகக்காரியையும் கொடுங்கோலனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள் என்று கண்டனம் எழுந்தது. 2014-இல் வந்த தொடர்ச்சியில், பிறர் சொல்லித்தான் அவள் அப்படி நடித்தாள் என்று காரணம் சேர்த்தார்கள். செயலைக் காட்டிவிட்டு அப்புறம் அதற்குச் சமாதானம் தேடினார்கள். இளங்கோ அவளை மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. நியாயத்தையும் சேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

சென்னை மெரினாவில் 1968-இல் வைத்த சிலையைப் பாருங்கள். 2001-இல் எடுத்து 2006-இல் மறுபடி வைத்தார்களே, அதுதான். அவள் கையில் இருப்பது சிலம்பு, தீ இல்லை. மங்கலதேவி மலையில் நாம் கும்பிடுவதும் சினம் தணிந்த தாயைத்தான். எந்தக் கண்ணகி வேண்டும் என்று ஜனங்கள் தாங்களாகவே தேர்ந்துகொண்டார்கள்.

கண்ணகியைக் குற்றவாளி ஆக்குவது என் நோக்கமல்ல. அநியாயத்தைத் தட்டிக் கேட்டவள் என்ற பெருமை அவளுக்கு என்றும் உண்டு. ஆனால் நம் சங்க விழாக்களில் பிள்ளைகள் நாடகம் போட்டால் பெரும்பாலும் மதுரை எரிவதோடு திரை விழுகிறது, கைதட்டல் எழுகிறது. அதற்குப் பின்னும் ஒரு காட்சி வையுங்கள். மாதரியும் கவுந்தியடிகளும் அதில் வரட்டும். நியாயம் கேட்கும் கைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். அதைப் பிள்ளைகள் அங்கேதான் படிப்பார்கள்.