கரியையும் ஈரத்தையும் விரட்டுகிற சாமான்கள்

தேங்காய்ப் பொச்சுமட்டைக்கு ஈடாகத் தரை மினுக்குகிற சாமான் ஒன்றை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை. இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்வேன். சீமெந்துத் தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போட்டுப் பழகிய ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து வீடுகளில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

முற்றின தேங்காயை உரிக்காமல் குறுக்கே இரண்டாக வெட்டி, சிரட்டையைத் தோண்டி எடுத்துவிட்டால், நார் வட்டமாக நறுக்கென்று நிற்கும். வெட்டின பக்கம் கீழே, முதுகுப் பக்கம் மேலே. மேலே ஒரு காலை வைத்து, மறுகாலை ஊன்றி, இடுப்பை அசைத்து முன்னும் பின்னும் தேய்க்கவேண்டும். பொலிஷை முந்தின இரவே பழைய துணியால் மெல்லிசாகப் பூசிக் காயவிட்டிருந்தால், காலையில் மட்டை போகப்போகத் தரை விழித்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். பொலிஷில் இருப்பது மெழுகு. தேய்க்கிற சூட்டில் அது இளகி, சீமெந்தின் நுண்துளைகளை அடைத்துச் சமமாகப் படிந்துவிடும். பிறகு தேத்தண்ணி சிந்தினாலும் உள்ளே இறங்காது, துடைத்தால் போச்சு. வெட்டுமுகத்தில் ஆயிரக்கணக்கான நார்நுனிகள் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகின்றன. துணியால் மணிக்கணக்காகத் தேய்த்தாலும் அந்தப் பளபளப்பு வராது. புதுசாகப் பொலிஷ் போட்ட தரையில் காலுறையோடு பிள்ளைகளை ஓடவிடாதீர்கள், அவ்வளவுதான் எச்சரிக்கை.

மலையகத்தில் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதை வெளியூர்க்காரர்கள் லேசாக எண்ணிவிடுகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் அடுப்பும் படுக்கையும் துணிமணியும் புத்தகமும் இருக்கவேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் லயத்தைக் கட்டிவைத்தார்கள். தனிவீடுகள் வந்துகொண்டிருந்தாலும் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் அதே லயத்தில்தான். அடுப்பில் எரிவது மிலாறு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சி. அதன் புகையில் தார் மாதிரி ஒரு பிசின் உண்டு, சுவர், அட்டல், சட்டி, சாமிப்படம் என்று பேதமில்லாமல் ஒட்டும். அது ஒரு பகை. மற்றது ஈரம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் மேற்குச் சரிவில் துணி காய்வது சாமி புண்ணியம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே, அங்கே மழை இல்லாத நாளிலும் மூடுபனி ஜன்னல் வழியே வந்து அலுமாரிக்குள் குடியிருக்கும். கொழும்பு விளம்பரத்தில் வருகிற சாமான்கள் இந்த இரண்டையும் நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் இங்கே ஒரு சாமான் நல்லது என்று பேரெடுத்தால், அது நிஜமாகவே நல்லது.

அப்படிப் பேரெடுத்ததில் முதலாவது மஞ்சள் சன்லைட் கட்டி. இங்கிலாந்தில் லீவர் சகோதரர்கள் 1884-ல் இந்தப் பேரைக் கொண்டுவந்தார்கள். அதுவரை கடைக்காரர் பெரிய கட்டியிலிருந்து அறுத்து நிறுத்துக் கொடுத்த சவர்க்காரத்தை, அளவாக வெட்டித் தாளில் சுற்றிப் பேர்போட்டு விற்ற முன்னோடிகள் அவர்கள். பழைய கதை அது. எனக்கு முக்கியம் ஊற்றுத் தண்ணி விழுகிற பீலிக்கரையில் அது காட்டுகிற கெட்டிக்காரத்தனம். கொழுந்து மலையிலிருந்து வந்த படங்கையும் சேற்றுப் பாவாடையையும் கல்லில் விரித்து, கட்டியை ஒருதரம் நீளமாக இழுத்தால் போதும், பனி போலக் குளிர்ந்த பீலித் தண்ணியிலும் நுரை பொங்கி வரும். யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கப் போன என் தங்கச்சி, அங்கே அதே கட்டி அவ்வளவு நுரைப்பதில்லை, துணியில் வெள்ளையாக ஏதோ படிகிறது என்று சொல்வாள். காரணம் தண்ணி. யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. அந்தக் கல்லின் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். எங்கள் மலை பழைய உறுதியான பாறை, அதில் ஊறி வருகிற ஊற்றுத் தண்ணியில் உப்புக்கள் குறைவு. மென்மையான தண்ணிக்கும் சவர்க்காரக் கட்டிக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஆகவே மலைநாட்டில் இருந்துகொண்டு, விலைகூடின சலவைத் தூள் இல்லையே என்று யாரும் ஏங்கவேண்டியதில்லை. நம் பீலியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

அதே கட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு, இதை அப்பாயி எனக்குக் காட்டித்தந்தது. விறகடுப்பில் சட்டி ஏற்றுமுன் அதன் அடியிலும் வெளிப்பக்கத்திலும் ஈரச் சன்லைட்டை ஒரு பூச்சுப் பூசிவிடவேண்டும். "சட்டிக்கு சட்டை போட்டு அனுப்புடி" என்று சொல்லும். கரி முழுக்க அந்தப் பூச்சின்மேல் ஏறும், இறக்கின பிறகு தண்ணி பட்டதும் கரியும் சவர்க்காரமும் ஒன்றாக வழிந்து ஓடிவிடும். கம்பி உருண்டையால் அலுமினியத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சட்டியை மெலியவைக்கிறவர்களைப் பார்க்கும்போது இதை ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் போல இருக்கும்.

சாம்பலைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். 2022 பொருளாதார நெருக்கடியில் சவர்க்கார விலை எகிறினபோது, எங்கள் லயத்தில் எல்லா வீட்டுப் பின்பக்கத்திலும் மறுபடியும் சாம்பல் டின் வந்து உட்கார்ந்தது. விலை கொஞ்சம் இறங்கின பிறகும் நான் அந்த டின்னை எடுக்கவில்லை. மிலாற்றுச் சாம்பலைப் பழைய வேட்டித் துணியில் சலித்தால் பவுடர் போல வரும். அதில் இருக்கிற பொட்டாசியம் காரம் தண்ணி பட்டதும் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துச் சவர்க்காரமாகவே மாற்றிவிடுகிறது. தும்பு ஒரு பிடியை நனைத்து, சாம்பலில் தொட்டுத் தோசைக்கல்லின் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். எவர்சில்வருக்கும் இரும்புக்கும் பிரமாதம். அலுமினியத்தின் உள்பக்கத்துக்கு மட்டும் வேண்டாம், காரம் பட்டால் அது கறுக்கும். கறுத்துப்போன கேத்தலுக்குத் தேசிக்காய்த் தோலைப் போட்டுத் தண்ணி கொதிக்கவைத்தால் வெள்ளை திரும்பும்.

தேசிக்காயின் புகழ் அத்தோடு முடியாது. கொழுந்து எடுக்கிற அக்காமார் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? நுனியிலும் நகக்கண்ணிலும் கறுப்பாய் ஓடியிருக்கும். தேயிலைச் சாறு காற்றுப் பட்டதும் நிறம் மாறித் தோலில் ஊறிவிடுகிறது, இரும்பு பட்டால் இன்னும் கறுக்கும். பிழிந்த தேசிக்காய்த் துண்டை வீசாமல், கல்லுப்பு வைத்து விரல் விரலாக உருட்டித் தேய்த்தால் அந்தக் கறை வெளுக்கும். வெடிப்பு இருந்தால் எரியும், அன்றைக்கு விட்டுவிடவேண்டும். கலியாணத்துக்கு முந்தின நாள் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இதைச் செய்வார்கள். அந்தச் சின்னத் தேசிக்காய் செய்கிற உபகாரத்தை எந்தக் கிறீமும் செய்து நான் பார்த்ததில்லை. கோப்பைக்குள் படிகிற சாயக் கறைக்கு மட்டும் அப்பச்சோடாதான் ராணி. ஈர விரலில் தொட்டு ஒரு சுற்று, முடிந்தது.

விளக்குமாற்றுக்கு வருகிறேன். தென்னை காய்க்காத குளிர்ச் சீமையில் நாங்கள் பெருக்குவது முழுக்கத் தென்னையால்தான், குருநாகல் பக்கத்துத் தென்னை மலைக்கு அனுப்புகிற சீர் அது. முற்றத்துக்கு ஈர்க்கு விளக்குமாறு, வீட்டுக்குள் தும்புத்தடி. ஈரச் சருகையும் சவுக்கு ஊசியையும் மண்ணைக் கிளறாமல் தனியாக வாரி எடுக்க ஈர்க்கால் மட்டுமே முடியும். தும்போ ஈரத்துக்குப் பயப்படாத நார். மரத்தைக் கெட்டியாக்குகிற லிக்னின் அதில் நிறைய இருப்பதால் இலகுவில் உழுத்துப்போகாது. உலகத்தில் தூரிகை செய்கிறவர்கள் இலங்கைத் தும்பைத் தேடி வாங்குவது சும்மா இல்லை. பட்டணத்துக் கடையொன்றில் மினுமினுவென்று ஒரு பிளாஸ்டிக் தும்புத்தடி வாங்கிப் பார்த்தேன். மழைக்காலம் முடியுமுன் முடியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, தூசியைத் தள்ளுகிறதே தவிரப் பிடிப்பதில்லை. தும்புத்தடி வாங்கும்போது நாரை ஒரு பிடி பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இனி என் பொக்கிஷம். பழைய தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகை, ஓரமெல்லாம் தகரப் பட்டை அடித்தது, உள்ளே அலுமினியத் தாள். காலி கிந்தோட்டை ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையில் இந்தப் பெட்டிகளுக்காகவே பலகை செய்தார்கள். கடதாசி மூட்டைகள் வந்து பெட்டிகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் தாத்தா பெக்டரியில் பெட்டி அடைக்கிற இடத்தில் வேலைசெய்ததால் எங்கள் வீட்டில் இரண்டு தங்கிவிட்டன. பக்கப் பலகையில் தோட்டத்தின் பேரும், பி.ஓ.பி. என்ற தரமும், நிறையும் கறுப்பு மையில் அச்சடித்தபடி இன்னும் அழியாமல் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். தேயிலை போல ஈரத்தையும் வாசத்தையும் உறிஞ்சுகிற பண்டம் வேறு குறைவு. அதைக் கப்பலில் ஏற்றிக் கடல் காற்றில் வாரக்கணக்காக அனுப்பி, லண்டனில் திறக்கும்போது மொறுமொறுவென்று இருக்கவேண்டும் என்று செய்த பெட்டி இது! சேலை வைக்க இதைவிட நல்ல பெட்டியை யாரால் செய்யமுடியும்? அலுமாரியில் வைத்த பட்டுச்சேலையில் பூஞ்சணப் புள்ளி விழும் அதே மழைக்காலத்தில், பெட்டியில் வைத்த அம்மாவின் கூறைச்சேலை மடிப்புக் கலையாமல் காய்ந்த வாசத்தோடு இருக்கிறது. இங்கிலாந்தில்கூட வீடு மாறுகிறவர்கள் வெகுகாலம் இந்தப் பெட்டிகளில்தான் பீங்கானும் புத்தகமும் அடைத்துக் கொண்டுபோனார்கள். தேயிலைப் பெட்டி என்றாலே அவர்களுக்குச் சாமான் கட்டுகிற பெட்டி. நம் ஆட்களின் கைபட்ட பெட்டி அங்கே எத்தனை வீட்டு மாடிப்படி ஏறியிருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். பழைய சாமான் கடையில் ஒன்று கண்ணில் பட்டால் பேரம்கூடப் பேசாதீர்கள். உள்தாள் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வைக்கிற துணி நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும், ஈரத்தோடு வைத்தால் தாள் அந்த ஈரத்தையும் வெளியே விடாது.

அந்துருண்டை போடலாம், ஆனால் கைக்குழந்தைத் துணியோடு வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு இருக்கும், அவர்களுக்கு அந்துருண்டையில் இருக்கிற நெப்தலின் பட்டால் சிவப்பணு சிதைந்துபோகும். நான் காய்ந்த யூக்கலிப்டஸ் இலையைத் துணிப்பொட்டலமாகக் கட்டி வைக்கிறேன். வாசம் ஒரு மாதம் போல நிற்கும்.

சுவருக்குச் சுண்ணாம்பு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. தீபாவளி அட்வான்ஸ் கையில் வந்ததும் வாளி வாளியாகப் பெயின்ற் வாங்குகிறார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின பழைய சுவர் எந்நேரமும் உள்ளே ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். மேலே பிளாஸ்டிக் பெயின்றைப் பூசினால் அந்த ஈரம் வெளியே வரமுடியாமல் கொப்புளமாகித் தோல் தோலாக உரியும். சுண்ணாம்பு ஈரத்தை விடும், சுவர் மூச்சுவிடும். கடும் காரம் என்பதால் புதுசாகப் பூசின சுவரில் பூஞ்சணம் வேர்பிடிக்காது. கொஞ்சம் நீலம் கலந்து, மெல்லிசாக இரண்டு பூச்சு. கரி பிடித்த காம்பராவில் அன்றைக்கு மாலை விளக்குப் போட்டால் அறையே ஒரு அடி அகன்ற மாதிரித் தெரியும். கண்ணில் தெறிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கக்கூசுக்கு ஹார்பிக் போத்தல் நல்ல வேலை செய்கிறது, அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று, அது அமிலம். அது ஊற்றின இடத்தில் குளோரின் தூளைத் தூவாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், காற்றோட்டமில்லாத சின்னக் கக்கூசில் அது உயிராபத்து.

கடைசியாக உரச்சாக்கு. கொழும்பில் வேலை செய்கிற என் மச்சாள் கடையில் பெரிய விலை கொடுத்துச் சுவரில் தொங்குகிற அடுக்குப்பை வாங்கியிருந்தாள். நான் தைத்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணி, எனக்கும் ரெண்டு தைச்சுத் தாங்களேன்" என்று கேட்டு வாங்கிப்போனாள். நெய்த பிளாஸ்டிக் சாக்கு, ஈரம் பிடிக்காது, பூச்சி அரிக்காது, பள்ளிக்கூடப் புத்தகம், மருந்து, சீப்பு, கரண்டி, குடை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பையாகத் தைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டால் அலுமாரியே வாங்கத் தேவையில்லை. சாக்கைப் பீலியில் மூன்று நாலு தண்ணியில் நன்றாக அலசி, உர வாடை போகுமட்டும் வெயிலில் போடுங்கள். நைலோன் நூலால் தையுங்கள், பருத்தி நூல் இந்த ஊர் ஈரத்துக்கு நிற்காது. மேல் ஓரத்தை இரண்டாக மடித்து உள்ளே ஒரு மூங்கில் கம்பைச் செருகிவிட்டால், நாலு பிள்ளைகளின் புத்தகப் பாரத்தையும் தாங்கும்.