தள்ளவும் தெரிய வேண்டும்

2022இல் பெற்றோல் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டபோது, இலங்கையெங்கும் பழைய சைக்கிளுக்கு மவுசு வந்தது. பிறகு கியூஆர் முறையில் எரிபொருள் பங்கீடு வந்தது, வரிசையும் குறைந்தது. அந்த நாட்களில் என் வீட்டுக்கு வந்த பாவித்த லுமாலா சைக்கிள் மட்டும் போகவில்லை.

அதை ஓட்டுவது மலைநாட்டில். பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,200ஐத் தாண்டும். கியர் இல்லாத வண்டியில், அதுவும் பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்ட முழங்காலை வைத்துக்கொண்டு, தெமோதரைப் பக்கம் மிதித்தே ஏறுவேன் என்பது வீம்பு. இறங்கித் தள்ளுவதில் வெட்கமென்ன? தள்ளும்போதுதான் மலையில் கொழுந்து பறிப்பவர்களின் பேச்சு காதில் விழும், தேயிலை ஃபெக்டரியின் வாசம் பிடிபடும். பஸ்ஸில் இரண்டும் கிடையாது.

இறக்கம் வேறு விவகாரம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை சட்டெனப் பிடிக்காது. வளைவுக்கு முன்பிருந்தே பிரேக்கை விட்டு விட்டு மெல்ல அழுத்தினால், கட்டை ஈரத்தைத் துடைத்துவிடும், பிறகுதான் பிடிக்கும். இந்தப் பழக்கம் கைக்கு வராமல் பசறை வீதியில் இறங்கக் கூடாது.

ஆகவே, பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர் பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். சில்லைச் சுழற்றிக் கோணல் பாருங்கள். ஃபிரேம் பொருத்துகளில் வெடிப்பிருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம். பிரேக் கட்டைகளை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.