கண்ணால் கேட்போர் கேட்கும் நீதி

கவிதை நூல் வெளிவந்தால் திறனாய்வு செய்கிறோம். நாடகம் அரங்கேறினால் நிறை எது, குறை எது என்று எடைபோடுகிறோம். ஆனால், நாள்தோறும் கோடிக்கணக்கான மக்களின் கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தை மட்டும் எவரும் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது. மெய்ப்புத் திருத்துவோர் கிடையாது. வெளியிடுவோர் உண்டு, பொறுப்பேற்போர் கிடையாது! காணொளியின் அடியில், பேசுபவரின் பேச்சைக் கணிப்பொறி தானே கேட்டுத் தானே எழுதி ஓடவிடுகிறதே, கேப்ஷன் என்கிறார்களே, அந்த எழுத்து வரிகளைத்தான் குறிப்பிடுகிறோம்.

அந்த வரிகளைப் பார்த்து நம்மில் பலர் சிரித்திருக்கிறோம். தலைவர் பெயர் தின்பண்டத்தின் பெயராகும். ஊர்ப் பெயர் வசைச் சொல்லாகும். நண்பர்களிடம் காட்டி மகிழ்கிறோம். நம்மால் சிரிக்க முடிகிறது, ஏன்? மூலப் பேச்சு நம் காதில் விழுகிறது. எழுத்தில் வந்தது பிழை என்று உடனே தெரிந்துவிடுகிறது. காது கேளாதவருக்கோ அந்த வரி ஒன்றே பேச்சு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு மூலம் அவரிடம் இல்லை. பிழையைக் கண்டுகொள்ளக் கூடியவருக்கு அந்த வரி தேவையில்லை. தேவைப்படுகிறவருக்கோ பிழையைக் கண்டுகொள்ளும் வழியில்லை! இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டுதான் கணிப்பொறியின் எழுத்தை ஆராய வேண்டும் என்கிறோம்.

பழைய கதை சிறிது கூறவேண்டும். பேசாப் படம் ஓடிய காலத்தில், திரை முன்னே காது கேட்பவரும் கேளாதவரும் சமமாக உட்கார்ந்திருந்தனர். காட்சிக்கு இடையே எழுத்து அட்டை வரும், இருவரும் படிப்பர். 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது, படம் பேசத் தொடங்கியது, அட்டைகள் மறைந்தன. உலகமே வியந்து கைதட்டிய அந்த முன்னேற்றம், ஒரு கூட்டத்தாரைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக் கதவடைத்தது. கியூபாவில் பிறந்த எமர்சன் ரோமெரோ என்பவர், காது கேளாதவர், பேசாப் படங்களில் நடித்தவர். அவர் 1947இல் படச்சுருளை வெட்டி, இடையிடையே எழுத்து அட்டைகளைத் தாமே ஒட்டிச் சேர்த்தார். தொலைக்காட்சிக்கு எழுத்து வந்தது 1972இல். பாஸ்டன் நகர நிலையம் ஒளிபரப்பிய ஒரு சமையல் நிகழ்ச்சியில்! வேண்டுவோர் மட்டும் காணத்தக்க மறைவரிகள் 1980 மார்ச்சில் தொடங்கின. அப்போதும் தனிப் பெட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினால்தான் காணமுடியும். 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கவேண்டும் என்று 1990இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1993 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு படியும் போராடிப் பெற்றது. எவரும் இரக்கப்பட்டு ஈந்ததன்று.

பிறகு வந்தது இணையம். மனிதர் அமர்ந்து எழுதி முடிக்க இயலாத அளவு காணொளிகள் குவிந்தன. 2009 நவம்பரில் யூடியூபில் தானியங்கி வரிகளைக் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அந்தப் பணியில் முன்நின்ற பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் தாமே காது கேளாதவர். ஆகவே, இயந்திரத்தைத் தூற்றுவது நம் நோக்கமன்று. மாட்டு வண்டிக்காக மோட்டாரைச் சபிக்கும் கூட்டத்தவரல்லர் நாம். ஆனால், மோட்டார் வந்துவிட்டது என்பதற்காக ஓட்டுநரை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்காருவோமா?

இயந்திரம் எப்படி எழுதுகிறது? ஒலியை நுண்ணிய துண்டுகளாக நறுக்குகிறது. முன்பு தனக்குப் புகட்டப்பட்ட பேச்சுகளின் பழக்கத்தைக் கொண்டு, இந்த ஒலி எந்தச் சொல்லாக இருக்கக்கூடும் என்று கணக்கிடுகிறது. வாய்ப்பு மிகுந்த சொல்லை எழுதிவிட்டு மேலே ஓடுகிறது. பொருள் அதற்குப் பொருட்டன்று. சட்டமன்றத்தில் அமர்ந்து குறிப்பெடுக்கும் சுருக்கெழுத்தாளர் இருக்கிறாரே, காதில் சரியாக விழாத இடத்தில் இடம்விட்டு வைப்பார். பிறகு உறுப்பினரையே கேட்டு நிரப்புவார். அந்த அடக்கம் இயந்திரத்துக்கு இல்லை. விழாததையும் விழுந்ததாக எழுதும். ஐயத்தையும் உறுதியையும் ஒரே எழுத்தில், ஒரே அழகில் அச்சிடும். 2022 செப்டம்பரில் ஓப்பன் ஏஐ நிறுவனம் 'விஸ்பர்' என்ற பொறியை வெளியிட்டது. 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பழகிய பொறி. அதை 2024இல் ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பதிவில் எவருமே பேசாத சொற்றொடர்களை அது இட்டுக்கட்டியிருப்பதைக் கண்டனர். அவ்வாறு இட்டுக்கட்டியவற்றில் நூற்றுக்கு 38 தீங்கு விளைவிக்கத்தக்கவை. மூளை நோயால் பேச்சுத் தடைப்பட்டவர்களின் பதிவுகளில் இந்தக் குறை மேலும் மிகுந்திருந்தது. அவர்கள் சொல்லைத் தேடித் தயங்கி நிற்கிறார்கள். அந்த மௌனத்தில் இயந்திரம் கதை கட்டுகிறது!

"நூற்றுக்கு 95 சரியாக எழுதுகிறதே, போதாதா?" என்று கேட்பார் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 150 சொற்கள் வீதம் 1 மணி நேரம் பேசினால் 9,000 சொற்கள். நூற்றுக்கு ஐந்து பிழையென்றால் 450 பிழைகள். 450 பிழைகளோடு ஒரு பாடநூல் வந்தால் பள்ளியில் வைப்போமா? இந்த விழுக்காட்டிலும் ஒரு சூது இருக்கிறது. அது எல்லாச் சொல்லையும் ஒரே எடையாக எண்ணுகிறது. பேச்சிடையே வரும் 'வந்து' என்ற வெற்றுச் சொல்லை விட்டாலும் ஒரு பிழை. "மருந்து கொடுக்கலாம்" என்பதை "மருந்து கொடுக்கல" என்று எழுதினாலும் ஒரே பிழை. ஒலியில் ஈற்றளவே வேற்றுமை. பொருளிலோ உயிர் போகும் வேற்றுமை!

எவருடைய பேச்சை வைத்து அந்த விழுக்காடு கூறப்படுகிறது என்பதும் கேட்கத்தக்கது. அமெரிக்காவின் ஐந்து பெரிய நிறுவனங்களின் பொறிகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்கள் தவறின. கருப்பர் பேச்சில் 35 தவறின. இயந்திரம் நிறவெறி கொண்டதன்று. எவர் பேச்சை மிகுதியாகப் புகட்டினார்களோ அவர் பேச்சையே நன்கு அறிந்தது. விளைவு என்னவோ ஒன்றுதான்.

இனி பெர்க்லிக்கு வருவோம். கலிபோர்னியாவில் உள்ள அந்தப் பெயர்பெற்ற பல்கலைக்கழகம், தன் பேராசிரியர்களின் சொற்பொழிவுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருந்தது. பாராட்டத்தக்க செயல். வாஷிங்டனில் காது கேளாதோருக்கெனவே இயங்கும் கேலடெட் பல்கலைக்கழகத்தின் ஊழியர் இருவர் அவற்றைப் பயில விரும்பினர். எழுத்து வரிகள் இல்லை, இருந்த தானியங்கி வரிகளும் பிழை மலிந்தவை என்று முறையிட்டனர். 2016 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை அம்முறையீட்டை ஏற்று, குறைகளைக் களையுமாறு பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. பல்கலைக்கழகம் என்ன செய்தது? 2017 மார்ச்சில், 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்தே நீக்கியது!

உடனே பழி எவர்மீது விழுந்தது தெரியுமா? கேட்டவர்கள்மீது! "இருவர் முறையிட்டதால் எல்லோருக்கும் போயிற்று" என்று அங்கலாய்த்தனர். கிணற்றில் எங்களுக்கும் நீர் வேண்டும் என்று கேட்டவன்மீதா குற்றம், கிணற்றையே தூர்த்தவன்மீதா? செலவு மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. 1 மணி நேரப் பேச்சைத் திருத்தப் பல மணி நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆயினும், இயந்திரம் எழுதிக் கொடுத்த முன்வரைவு கையில் இருக்க, அதைத் திருத்த மாணவர்களையே அமர்த்தியிருக்கலாம். அதிகம் பேர் பார்ப்பவற்றில் தொடங்கியிருக்கலாம். 2022 நவம்பரில் நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில், தன் இணையப் பாடங்களையும் காணொளிகளையும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கவாறு அமைப்பதாக அதே பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. முறையீட்டை முதலிலேயே ஏற்றிருந்தால் இத்தனை ஆண்டுகள் வீணாகியிரா.

"ஒன்றுமில்லாததற்கு இதுவாவது இருக்கிறதே" என்ற பேச்சைத்தான் நாம் மிகவும் அஞ்சுகிறோம். ஒன்றுமில்லாதபோது, தமக்கு ஒன்றும் தரப்படவில்லை என்பதாவது காது கேளாதவருக்குத் தெரிந்திருந்தது. பிழை மலிந்த வரி அதையும் மறைக்கிறது. 'எழுத்து வரிகள் உண்டு' என்ற குறியைப் பார்த்ததும் கேட்போர் கடமை முடிந்தது என்று திரும்பிக்கொள்கின்றனர். அந்தக் குறியின் பக்கத்தில், 'இது இயந்திரம் எழுதியது. மனிதர் சரிபார்க்கவில்லை' என்று கண்ணில் படும்படி எழுதட்டுமே! படிப்பவர் எவ்வளவு நம்பலாம் என்று தாமே முடிவு செய்துகொள்வார்.

நம் தோழர்களும் கூட்டப் பேச்சுகளைப் பதிவேற்றுகிறார்கள். தமிழிலும் இயந்திரம் வரிகளை எழுதித் தருகிறது. முழுவதும் திருத்த நேரமில்லையெனில் ஆட்பெயர், ஊர்ப்பெயர், ஆண்டு, தொகை, 'இல்லை' 'வேண்டாம்' வரும் இடங்கள் ஆகிய இவற்றை மட்டுமாவது முதலில் பாருங்கள். எவர் பேசுகிறார் என்பதைக் குறியுங்கள். அரங்கம் கைதட்டினால் கைதட்டல் என்று எழுதுங்கள். அதுவும் கூட்டத்தில் நடந்ததுதானே. திருத்தியதை, பகுதியில் உள்ள காது கேளாத தோழர் ஒருவரிடம் ஒலியில்லாமல் காட்டி, என்ன விளங்கியது என்று கேளுங்கள்.