கை நூலும் நாவின் பாட்டும்: இரட்சணிய யாத்திரிகத்தில் மறைநூல்

எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவியது என்றும், அதன் ஆசிரியர் 'கிறித்தவக் கம்பர்' என்றும் இலக்கிய வரலாறுகள் கூறும். இரண்டும் உண்மையே. ஆயின், முன்னது காப்பியத்தைப் பனியனுக்கும் பின்னது கம்பனுக்கும் உரியதாக்கிவிடுகிறது. கிருட்டிணப் பிள்ளைக்கென எஞ்சுவது யாது? அவர் மறைநூலைக் கையாண்ட முறையில் அதற்கு விடை உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1678இல் வெளிவந்த பனியனின் நூல், கையில் ஒரு நூலும் முதுகில் ஒரு சுமையுமாக நிற்கும் மனிதனோடு தொடங்குகிறது. அவன் தனியே படிக்கிறான், படித்து அழுகிறான். பின்னர்ச் சிலுவையடியில் அவனது சுமை கழன்று விழுகிறது. ஆயினும் அச்சிலுவையின் வரலாற்றைப் பனியன் விரித்துரைப்பதில்லை. விவிலியம் கேட்டே வளர்ந்த அவரது வாசகருக்கு அது தேவைப்படவில்லை.

கிருட்டிணப் பிள்ளையின் நிலை வேறு. நெல்லைக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். அவர் மனங்கொண்ட தமிழ் அவையினர் பலருக்கு விவிலியம் புதிது. கதை கேட்டு உருகுவதோ பழகிய மரபு. எனவேதான் குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் அவர் விரிவாகப் பாடுகிறார். தனியே படிக்கும் மறைநூல் இங்குப் பலர் கூடிக் கேட்கும் சரிதமாகிறது.

இரண்டாவது மாற்றம் இதனினும் நுட்பமானது. காப்பியத்தினூடே அவர் அமைத்த இசைப்பாடல்களுக்குத் 'தேவாரம்' என்றே பெயரிட்டார். வைணவராய்ப் பிறந்தவர் கிறித்தவப் பாட்டுக்குச் சைவப் பெயரைத் தேர்ந்தது தற்செயலன்று. பனியனிலும் செய்யுட்கள் உண்டு. அவற்றுட் பல நிகழ்ந்ததன் படிப்பினையைத் தொகுத்துரைப்பவை. தேவாரங்களிலோ உயிர் இறைவனை நேர்நின்று விளித்து இறைஞ்சுகிறது. மறைநூலை அறிதல் என்பது இறைவனோடு பேசுதலாக முதிரும் இடம் இதுவே.

குறையும் சுட்டத்தக்கது. 1894இல் நூலுருப் பெற்ற இக்காப்பியம் ஐந்து பருவங்களையும் 3766 பாடல்களையும் கொண்டது. கோட்பாட்டு விளக்கம் மிகும் பகுதிகளில் கதையோட்டம் தடைப்படுகிறது. செறிந்த சொல்லாட்சி உரையின்றி எளிதில் விளங்குவதில்லை. அவ்விடங்களில் யாத்திரிகனின் தவிப்பைவிடப் புலவரின் புலமையே முன்நிற்கிறது. இக்குறையை ஈடுசெய்பவை தேவாரங்களே.

செமினி போன்ற தோட்டப் பின்னணி கொண்ட நம் ஊர்களின் தமிழ் வகுப்பறையில், தேவாரம் ஓதும் மாணவரும் விவிலியம் படிக்கும் மாணவரும் அருகருகே அமரக்கூடும். அவர்களுக்கு இக்காப்பியத்தைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாக மட்டும் காட்டி நிறுத்துவது போதாது. ஒருவர் தாம் தழுவிய புதிய நம்பிக்கையைத் தம் பழைய மொழியிலேயே இறைவனிடம் சொல்ல முயன்ற வரலாறு இது. கம்பனின் சாயலைத் தேடுவதற்கு முன் அக்குரலைக் கேட்கப் பயிற்றுவதே ஆசிரியரின் முதற்பணி.