ஆச்சியின் முகமும் மீட்டர் முள்ளும்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஆச்சியின் படங்கள் இரண்டே இரண்டுதான். முதலாவது 1974-ல் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். மாமா யாரிடமோ இரவல் வாங்கி வந்த ஆக்ஃபா க்ளிக் த்ரீயில் எடுத்தது. இரண்டாவது 1983-ல் எடுத்த கலர் படம். சித்தப்பா வளைகுடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்த கேனானெட் க்யூ.எல். 17 கேமராவில் எடுத்தது. அன்றைக்கு எங்கள் தெருவிலேயே விலை கூடின கேமரா அதுதான்.

முதல் படத்தில் ஆச்சி முற்றத்தில் நிற்கிறாள். நெற்றிச் சுருக்கம் தெரிகிறது, கண் தெரிகிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதுகூடத் தெரிகிறது. இரண்டாவது படத்தில் வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிற்கிறாள். முண்டும் நேரியதும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. பாம்படம் இரண்டும் மின்னுகின்றன. அவற்றுக்கு நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரும்பட்டை.

பிரிண்ட் போட்ட ஸ்டுடியோ அண்ணாச்சி சொன்ன காரணத்தை வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்: "அவ கறுப்பில்லா மக்கா, அதான் படத்துல விழல்ல." அதை யாரும் மறுக்கவில்லை. ஆச்சியும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேமரா முன்னால் வந்து நிற்கவும் இல்லை. அதனால்தான் படங்கள் இரண்டோடு நின்றுபோயின.

அந்த கேனானெட் இப்போது என் கையில் இருக்கிறது. இதில் சரியான மீட்டர் ரீடிங் எடுப்பது எப்படி என்று இரண்டு வருஷமாகப் படித்தும் ஃபிலிமை வீணாக்கியும் கற்றுக்கொண்டிருக்கிறேன். கற்றதில் முதல் விஷயம், அந்த அண்ணாச்சி சொன்னது தப்பு. அதே ஆச்சி, அதே நிறம், ஒன்பது வருஷம் முன்னால் விழுந்தாளே!

மீட்டர் எதைப் பார்க்கிறது?

பழைய கேமராக்களின் மீட்டர் எல்லாமே பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளப்பவை. எதிரே இருப்பது ஆளா, சுவரா, கடலா என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் கலந்து சராசரியாக்கினால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று நம்பித்தான் முள்ளை நகர்த்துகிறது. விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். அந்தச் சாம்பல் எது என்பதில் கம்பெனிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. நிக்கான், கேனான், செகோனிக் ஒரு மாறிலியை வைத்திருக்கின்றன: 12.5. பென்டாக்ஸும் மினோல்டாவும் வைத்திருப்பது 14. இந்த வித்தியாசத்தால் வருவது ஒரு ஸ்டாப்பில் ஆறில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது.

ஆச்சியின் இரண்டாவது படத்தில் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளைச் சுவரும் வெள்ளை முண்டும் நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் வெளிச்சமானவை. படத்தின் பெரும்பகுதி அவைதான். மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பல் ஆக்கப் பார்த்து, ஃபிலிமுக்குப் போகும் ஒளியை இரண்டு ஸ்டாப் குறைத்துவிட்டது. கறுத்த முகம் இயல்பாகவே சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் கீழே. மொத்தம் மூன்று ஸ்டாப். அதாவது, சாம்பல் நிறத்துக்குக் கிடைக்க வேண்டிய ஒளியில் எட்டில் ஒரு பங்குதான் முகத்தின் கணக்கில் ஃபிலிமுக்குப் போயிருக்கிறது. அங்கே ஜாடைதான் மிஞ்சும், முகம் மிஞ்சாது.

மீட்டர் கெட்டுப்போகவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறது. சித்தப்பா அதனிடம் கேட்டது சுவரைப் பற்றி. ஆச்சியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இனி க்ளிக் த்ரீ. இந்தியாவிலேயே தயாரான, நடுத்தரக் குடும்பங்களில் பரவலாகப் புழங்கிய கேமரா அது. அதில் மீட்டரே கிடையாது. வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் எல்லாம். எதிரே நிற்பவர் வெள்ளை முண்டு உடுத்திருந்தாலும் கறுப்புச் சட்டை போட்டிருந்தாலும் ஒரே அளவு ஒளியைத்தான் உள்ளே விடும். அதனால் முண்டு அதை ஏமாற்ற முடியவில்லை. அது காலை வெயில், கருப்பு வெள்ளை ஃபிலிம் தாராளமானது என்ற சாதகங்களும் அந்தப் படத்துக்கு உண்டு. அதைக் கழித்தாலும், மீட்டர் இல்லாத மலிவுக் கேமரா பார்த்த முகத்தை மீட்டர் உள்ள கேமரா பார்க்கவில்லை என்பது மிச்சம் நிற்கிறது.

குற்றம் பிரிண்டிலா, நெகட்டிவிலா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. கலர் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் கம்பெனி 1950-களிலிருந்து லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். பல காலம் அவர் தோலின் நிறத்துக்கு ஏற்பத்தான் பிரிண்டுகளைச் சரிசெய்தார்கள். அப்படியானால் ஆச்சியின் முகம் பிரிண்டில் தொலைந்திருக்கலாமே?

நெகட்டிவைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒளி பட்ட இடம் நெகட்டிவில் அடர்த்தியாக இருக்கும், படாத இடம் வெறுமையாகத் தெரியும். முண்டு இருந்த இடம் அளவாக இருந்தது. முகம் இருந்த இடம் கிட்டத்தட்ட வெறுமை. பிரிண்ட் போட்டவர் என்ன செய்திருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. தவறு ஷட்டரை அமுக்கின நொடியிலேயே நடந்துவிட்டது.

வழக்கமான யோசனைகளும் நம்ம ஊர் வெயிலும்

பழைய கேமரா வாங்கினவர்களுக்கு எல்லாரும் சொல்லும் முதல் யோசனை 'சன்னி 16': நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, ஷட்டரை ஃபிலிமின் வேக எண்ணுக்குப் பக்கத்தில் வை. 100 ஏ.எஸ்.ஏ. என்றால் 1/125. இது விழுகிற வெளிச்சத்தை நம்பும் விதி என்பதால் முண்டிடம் ஏமாறாது. ஆனால் வெயில் முகத்தில் முன்னாலிருந்து விழ வேண்டும். கன்னியாகுமரி 8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது வெயில் உச்சந்தலையில் விழும், கண்குழி நிழலில் கிடக்கும். அந்த நேரத்தில் எஃப்/16 உச்சந்தலைக்குத்தான் சரியான அளவு. முகத்துக்கு எஃப்/8 வரை திறக்க வேண்டும். அல்லது ஆளைத் திண்ணை நிழலுக்குக் கூப்பிட்டு எஃப்/5.6, எஃப்/4 என்று போகலாம். தென்மேற்குப் பருவக்காற்றில் மேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் ஆனி, ஆடி மாசங்களில் இந்த விதியை மறந்துவிடுவதே நல்லது.

இரண்டாவது யோசனை, 'கடற்கரையில் ஒரு ஸ்டாப் குறை'. வெள்ளை மணலை நினைத்துச் சொன்னது. அதே யோசனையை மணவாளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இல்மனைட் கலந்த கறுப்பு மணல் அங்கே. மணல் நிறைய விழும்படி பிடித்தால் மீட்டர் அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும், வானம் வெளுத்துப் போகும். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே மீட்டர் இரண்டு திசையிலும் தவறும்.

அந்த மணலில் வேறொரு சுவாரசியமும் உண்டு. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். மோனசைட்டிலிருந்து கிடைப்பது தோரியம். பென்டாக்ஸின் சூப்பர் டாகுமர் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸின் ஒரு வகை உட்பட, பழைய லென்ஸ்கள் சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் சேர்த்திருந்தார்கள். வருஷங்கள் போகப் போக அந்தக் கண்ணாடி பழுப்பேறி, உள்ளே வரும் ஒளி குறையும். கையில் வைத்து அளக்கும் தனி மீட்டருக்கு இது தெரியாது. லென்ஸ் வழியாகவே அளக்கும் கேமராவுக்குத் தெரியும்.

மூன்றாவது யோசனை, 'பேட்டரி மாற்று'. இது பாதி சரி. கேனானெட் போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. இன்று அந்த பேட்டரி வருவதில்லை, வரவும் வேண்டாம். பாதரசம் மண்ணையும் தண்ணீரையும் என்ன செய்யும் என்பதைக் கொடைக்கானல் வெப்பமானி ஆலை நமக்குக் காட்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் இந்த மாதிரி மீட்டர்கள் பொதுவாக வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொள்ளும். படம் மேலும் இருளும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக–காற்று பேட்டரி ஏறத்தாழ 1.4 வோல்ட் தரும். அளவில் சிறியது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் உட்கார்ந்துவிடும். ஸ்டிக்கரை உரித்தபின் நீண்ட நாள் தாங்காது.

இந்த மீட்டர்களில் இருப்பது காட்மியம் சல்ஃபைடு செல். அதற்கு ஒரு 'ஞாபகம்' உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை முற்றத்து வெயிலில் நின்றுவிட்டு, கறுப்புத் தரை மின்னும் உள்ளறைக்குள் நுழைந்த உடனே அளந்தால் முள் தவறாக நிற்கும். ஒன்றிரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும். நம்ம கண்ணுக்கே பழக நேரம் வேண்டியிருக்கிறதில்லையா?

உள்ளங்கை

சினிமாக்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தாண்டிவிட்டார்கள். 'அலைகள் ஓய்வதில்லை' காலத்தில் முட்டம் கடற்கரையே சினிமா லொக்கேஷன் ஆகிப்போனது. ஷூட்டிங் பார்த்திருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு வெள்ளைக் குமிழ் வைத்த சின்னக் கருவியை நடிகரின் கன்னத்தோரம் பிடித்து அளப்பார்கள். முகத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அது. உடுப்பு, கடல், மணல், தோலின் நிறம் எதுவும் அதன் கணக்கில் சேராது.

நம்மிடம் அது இல்லாவிட்டாலும் உள்ளங்கை இருக்கிறது. முகத்தின் நிறம் ஆளுக்கு ஆள் எவ்வளவோ மாறும். உள்ளங்கை அவ்வளவு மாறாது. யாருடைய உள்ளங்கையும் நடுச்சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளிச்சம். படம் எடுக்கப்போகும் முகத்தில் விழுகிற அதே வெளிச்சம் விழும்படி உள்ளங்கையைப் பிடியுங்கள். உங்கள் நிழல் அதில் விழாமல், கை மட்டும் நிறையும்படி மீட்டரைக் காட்டி முள்ளைப் பாருங்கள். எஃப்/11 என்றால் ஒரு ஸ்டாப் திறந்து எஃப்/8 வையுங்கள். ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டாம். நெகட்டிவ் ஃபிலிம் என்றால் சந்தேகத்துக்கு இன்னும் அரை ஸ்டாப் கொடுத்தாலும் ஒன்றும் கெடாது. ஸ்லைடு என்றால் அந்தத் தாராளம் ஆகாது.

கேனானெட்டில் முள் 'ஏ' நிலையில்தான் வேலை செய்யும். அதில் பார்த்துவிட்டு அபர்ச்சர் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். கூடுதலாகப் பத்து நொடி.

போன மாசம் அம்மாவை அதே சுவருக்கு முன்னால் நிற்க வைத்தேன். அம்மாவுக்கு ஆச்சியின் நிறம். வெள்ளைச் சேலை வேண்டாம், மங்கலாக விழும் என்று தயங்கினாள். "அதையே உடுத்துட்டு வாங்கம்மா" என்றேன். சுவரைப் பார்த்து முள் எஃப்/16 காட்டியது. உள்ளங்கையைப் பார்த்துத் திருத்தினபோது எஃப்/8. இரண்டு அளவிலும் ஒவ்வொரு படம் எடுத்தேன்.

எஃப்/16 படத்தில் ஆச்சிக்கு நடந்ததே அம்மாவுக்கும் நடந்திருக்கிறது. எஃப்/8 படத்தில் சேலையின் மடிப்பு கொஞ்சம் வெளுத்துவிட்டது, முகம் முழுசாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ ஆச்சியும் விழுந்திருப்பா, இல்லியா?"

விழுந்திருப்பாள். இரண்டு ஸ்டாப் போதும்.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி இருண்ட முகங்கள் இருக்கும். அந்த ஆளின் நிறத்தைக் காரணம் சொல்வதற்கு முன்னால், படத்தில் வெள்ளையாக எது எது இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.