மலைச்சரிவில் பிறந்த இசைக்குழுக்கள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் விடியற்காலையில் இந்த வழியாகத்தான் போகின்றன. தமிழில் ராக் இசைக்கு வேர் தேடுகிறவர்கள் சென்னைக் கல்லூரி மேடைகளோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் இந்த மலையடிவாரத்துக்கும் வரவேண்டும். இங்கே மூன்று மரபுகள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தழைத்திருக்கின்றன.

மூத்தது மேளம். திருவிழா நாட்களில் நாகசுரமும் தவிலும் பம்பையும் சேர்ந்த நையாண்டி மேளம் தெருவைக் கட்டிப்போடும். உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்க, மறுமுகத்தில் நேர்க்குச்சி அடி விழும். அடிவயிற்றில் அதிரும் அந்த ஒலியை இன்று பேஸ் கிதாரில் கேட்கிறோம். போடி ஜமீன்தார்கள் சார்ந்த இராஜகம்பளத்தாரின் தேவராட்டத்துக்குப் பாட்டே கிடையாது. தாளம்தான் எல்லாம். ஆடுகிறவர் காலும் அடிக்கிறவர் கையும் பிசகாமல் கூடுவதே இதன் தர அளவுகோல். கடல் கடந்து மலேசியத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இன்றும் உறுமி மேளக் குழு நடத்துகிறார்கள்.

அடுத்தது மேடைப்பாட்டு. இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடியவர். மக்கள் வாயில் புழங்கும் சினிமா மெட்டை எடுப்பார். கூலியையும் பசியையும் சொல்லும் புது வரிகளைப் பொருத்துவார். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடினார், ரோசம்மா வென்றார். பின்னாளில் தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரும் சேர, பாவலர் சகோதரர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பாட்டு முழுதும் முதல் கேட்பிலேயே புரியவேண்டும் என்பது இவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு.

அந்தப் பயிற்சிதான் மூன்றாவது மரபான திரையிசைக்கு விதை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’யோடு திரைக்கு வந்தார். 1982இல் ‘நினைவெல்லாம் நித்யா’வின் ‘பனிவிழும் மலர்வனம்’ பாட்டில் சலநாட்டை ராகத்தைக் கிதாரோடு ஓடவிட்டார். ராகமும் கெடவில்லை, துள்ளலும் குறையவில்லை. தமிழ் வீடுகள் டிரம்ஸையும் பேஸ் கிதாரையும் அந்நியமாக நினைக்காமல் போனதில் இப்படிப்பட்ட பாட்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

சிறிய ஊர்களிலிருந்தும் சிறிய மொழிகளிலிருந்தும் பெரிய இசை வருவது உலகெங்கும் நடந்ததுதான். ஸ்லோவேனியாவில் 1977இல் தோன்றிய பங்கர்ட்டி குழு, பங்க் இசையைத் தாய்மொழியிலேயே பாடிக்காட்டியது. 1980இல் லைபாக் குழு பிறந்தது திர்போவ்ல்யே என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். உழைப்பாளிகளின் ஊரும் சொந்த மொழியும் இசைக்கு என்ன தரும் என்பதைப் பண்ணைப்புரம் போலவே இந்தக் குழுக்களும் காட்டுகின்றன.

2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராக்கையும் ராப்பையும் இணைத்து, சாதிக்கு எதிராகப் பாடியது. பாவலர் மேடையில் கேட்ட அதே அரசியல் துணிவு இங்கே மின்கிதாரோடு வந்தது.

போடி, தேவாரம், கம்பம் பகுதிகளில் இசைக்குழு தொடங்கும் இளைஞர்கள் நகரத்துக் குழுக்களைப் பிரதியெடுக்க வேண்டியதில்லை. உறுமிக்காரரை அருகில் உட்காரவைத்துத் தாளம் பழகட்டும். தோட்டத்துப் பேச்சிலேயே பாட்டெழுதட்டும். திருவிழாக் குழுவினரும் நையாண்டி மேளத்துக்கும் கிதார்க் குழுவுக்கும் ஒரே இரவில், ஒரே மேடையில் இடம் ஒதுக்கலாம்.